பழைய ரிவால்வரா, அதே பெயரில் வரும் புதியதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19, கோல்ட் பைத்தான் போன்ற பழைய ரிவால்வர்கள் அதே பெயரில், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் மறுபடி தயாராகி வருகின்றன. 1960, 70-களில் செய்ததைத் தேடிப்பிடித்து வாங்குவதா, பெட்டி பிரிக்காத புதியதை வாங்குவதா என்று கேட்கிறீர்கள். பழையது போல இனி வராது என்று ஒரு சாரார் சொல்ல, இன்றைய எஃகும் இயந்திரமும் எவ்வளவோ மேல் என்று இன்னொரு சாரார் சொல்வது உங்களைக் குழப்பியிருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். அழுத்தம் மிகுந்த .357 மேக்னம் தோட்டாக்களை நிறைய சுடப் போகிறீர்கள் என்றால் புதியதை வாங்குங்கள். டிரிகரின் மென்மைக்காகவும், ஒரு காலத்தின் கைவேலையைக் கையில் வைத்திருக்கும் நிறைவுக்காகவும் என்றால் பழையதை வாங்குங்கள். ஆனால் பழையதை வாங்கும்போது நீங்கள் ஒரு மாடலை வாங்கவில்லை, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியை வாங்குகிறீர்கள். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இரண்டு காலத்துக்கும் இடையே மாறியது தரம் என்பதைவிட உழைப்பு போய்ச் சேர்ந்த இடம். பழைய தொழிற்சாலையில் பாகங்கள் கொஞ்சம் தாராளமான அளவில் செய்யப்பட்டு வரும். பொருத்துபவர் அரத்தையும் சாணைக்கல்லையும் வைத்துக்கொண்டு, இந்த ஃபிரேமுக்கு (உடற்சட்டம்) இந்த ஹாமர் (அடிக்கும் சுத்தி), இந்த சிலிண்டருக்கு (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை) இந்தக் கொக்கி என்று ஒவ்வொன்றாக உட்கார வைப்பார். இன்று அந்தத் துல்லியம் கணினி இயக்கும் கடைசல் எந்திரத்திலேயே கிடைத்துவிடுகிறது. பாகம் எடுத்து வைத்தால் பொருந்தும். ஆகவே பழையதில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய குறை, தேய்மானமும் பின்னாளில் யாரோ கைவைத்த கோளாறும். புதியதில் எதிர்பார்க்க வேண்டிய குறை, கடைசிப் பரிசோதனையில் கண்ணுக்குத் தப்பியது. இரண்டும் வேறு வேறு வகை. அதனால் தேட வேண்டிய இடமும் வேறு.

ஸ்மித் அண்ட் வெஸனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் மாற்றங்கள் படிப்படியாக நடந்தன. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க முடியும். 1957-ல் இந்தக் கம்பெனி தன் ரிவால்வர்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கியது. 1955-ல் காம்பாட் மேக்னம் என்ற பெயரில் வந்தது அப்போதுதான் மாடல் 19 ஆனது. சிலிண்டரைத் திறந்து, அதைத் தாங்கும் கை ஃபிரேமோடு சேரும் பள்ளத்தைப் பாருங்கள். மாடல் எண் அங்கே பொறித்திருக்கும். எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் இன்னோர் எண்ணும் இருந்தால், அது வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றத்துக்குப் பிறகு வந்தது என்று பொருள். விற்பவர் சொல்லும் வருடத்தைவிட அந்தச் சின்ன எண் நம்பகமானது.

1982 வாக்கில் இரண்டு விஷயங்கள் நின்றுபோயின. பேரல் நகராமலிருக்க ஃபிரேமின் குறுக்கே அடிக்கும் சிறு ஆணி ஒன்று. மேக்னம் மாடல்களில் தோட்டாவின் விளிம்பு சிலிண்டரின் பின்முகத்துக்குள் அமிழ்ந்து உட்காரும்படி குடையும் பள்ளம் இன்னொன்று. சேகரிப்பவர்கள் இவை இரண்டுக்காகவும் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். நான் இவற்றைச் செயல்பாட்டுக் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆணி இல்லாத பேரல் கழன்று விழுவதில்லை. அந்தப் பள்ளமும் தோட்டாக் குப்பிகள் பலவீனமாக இருந்த காலத்து எச்சரிக்கை. அழகு என்றால் ஒத்துக்கொள்கிறேன். பள்ளம் குடைந்த சிலிண்டரைத் தோட்டா நிரப்பி மூடும்போது பின்பக்கம் இடைவெளி இல்லாமல் சேருவது பார்க்கவே நிறைவாக இருக்கும்.

அடுத்த பெரிய மாற்றம் 1990-களின் பின்பாதியில் வந்தது. அதற்கு முன் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி ஹாமரின் மூக்கிலேயே பொருத்தியிருக்கும். அதன் பிறகு அது ஃபிரேமுக்குள் போனது. அதே காலத்தில் ஹாமரும் டிரிகரும் உலோகப்பொடி வார்ப்புக்கு மாறின. நுண்ணிய எஃகுப் பொடியை ஒரு பிணைப்புப் பொருளோடு கலந்து, அச்சில் செலுத்தி, பிணைப்பை நீக்கி, சூளையில் இறுக்கி எடுக்கும் முறை அது. அடையாளம் காண்பது எளிது: டிரிகரின் பின்பக்கம் குழிவாக இருந்தால் பொடி வார்ப்பு, திண்ணமாக இருந்தால் அடித்து உருவாக்கிய பழைய பாகம்.

இந்தப் பொடி வார்ப்பைப் பற்றித்தான் மிக அதிகமாக வசை கேட்கிறேன், அதில் பெரும்பகுதி நியாயமில்லை. இந்தப் பாகங்கள் ஒன்றைப் போலவே ஒன்று வரும். அதனால்தான் இன்றைய ரிவால்வரின் டிரிகர் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. பழையதில் அப்படி இல்லை. நல்ல பொருத்துநர் கையில் போனது வெண்ணெயாக இருக்கும், அவசரத்தில் போனது கரகரக்கும். பொடி வார்ப்பில் உண்மையான இழப்பு வேறொன்று. பழைய ஹாமரிலும் டிரிகரிலும் மேற்பரப்பைக் கடினப்படுத்தும்போது பழுப்பும் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு மேக நிறம் ஏறும். எந்த இரண்டிலும் அது ஒரே மாதிரியாக இருக்காது. புதிய பாகத்தில் அந்த நிறம் இல்லை. இதற்காக வருத்தப்படுவது மிகை இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, பூட்டு. 2001-ல் ஸாஃப்-டி-ஹாமர் என்ற சிறிய கம்பெனி, இங்கிலாந்தின் டாம்கின்ஸ் குழுமத்திடமிருந்து ஸ்மித் அண்ட் வெஸனை வாங்கியது. துப்பாக்கிப் பூட்டுகள்தான் அதன் தொழில். சிலிண்டர் திறக்கும் பொத்தானுக்கு மேலே சாவித்துளையோடு உள்ளே ஒரு பூட்டு ரிவால்வர்களில் வந்தது அதையொட்டித்தான். கிளாசிக் வரிசை என்று பழைய தோற்றத்தில் வந்தவற்றிலும் அந்தத் துளை இருந்தது. மிக எடை குறைந்த ஃபிரேமும் கடுமையான பின்னுதைப்பும் சேரும் ரிவால்வர்களில் பூட்டு தானாக விழுந்துவிட்டதாகப் புகார்கள் உண்டு. எஃகு ஃபிரேமில், இலக்குப் பலகையில் சுடுபவருக்கு அதை ஒரு ஆபத்தாக நான் கருதவில்லை. ஆனால் தற்காப்புக்கென்று வைத்துக்கொள்பவர், தேவையில்லாத ஒரு பாகம் உள்ளே இருக்க வேண்டாம் என்று நினைத்தால் அதிலும் தப்பில்லை. பூட்டு இல்லாத மாடல்களையும் கம்பெனி இப்போது விற்கிறது. துளை கண்ணை உறுத்துகிறது என்றால் அவற்றைப் பாருங்கள்.

இனி, புதியது பழையதைத் தெளிவாக மிஞ்சும் இடம். மாடல் 19-ம், அதன் துருப்பிடிக்காத எஃகுத் தம்பியான 66-ம் கே ஃபிரேம் என்ற நடுத்தர அளவில் கட்டப்பட்டவை. இந்த ஃபிரேமில் மேக்னம் தோட்டாவுக்கு இடம் சற்று நெருக்கம். சிலிண்டரின் முன்பக்கம் இடிக்காமலிருக்க, ஃபிரேமுக்குள் நீட்டி நிற்கும் பேரலின் பின்நுனியை அடிப்பக்கத்தில் தட்டையாகச் சீவிவிட்டார்கள். சிலிண்டரிலிருந்து பாயும் குண்டை முதலில் வாங்குவது அந்த நுனிதான். சுவர் அங்கே மெல்லியதாகிவிட்டது. போலீசார் பயிற்சிக்கு, அதே ரிவால்வரில் போடக்கூடிய அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷலும் பணிக்கு மேக்னமும் பயன்படுத்திய வரை பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. பயிற்சியும் மேக்னத்திலேயே என்று ஆன பிறகு, அதுவும் 125 கிரெயின் எடையுள்ள இலகுவான, வேகமான குண்டுகள் பரவிய பிறகு, அந்தச் சீவிய இடத்தில் விரிசல்கள் வரத் தொடங்கின. 1980-களின் தொடக்கத்தில் எல் ஃபிரேம் என்ற சற்றுப் பெரிய அளவில் 586, 686 வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2014-ல் மாடல் 66 திரும்பி வந்தபோது இந்தப் பலவீனத்தைத்தான் முதலில் சரிசெய்திருந்தார்கள். பேரலை இரண்டு துண்டாக்கி, உள்குழாய் ஒன்று, மேலுறை ஒன்று என்று செய்தார்கள். சிலிண்டரின் முன்பக்கப் பிடிப்பை, காலிக் குப்பிகளைத் தள்ளும் வெளியேற்றுத் தண்டின் நுனியிலிருந்து மாற்றி, சிலிண்டர் கைக்கும் ஃபிரேமுக்கும் இடையே ஒரு சிறு உருண்டைப் பிடிப்பாக வைத்தார்கள். பேரலின் பின்நுனி முழு வட்டமாக இருக்க இடம் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெயரும் உருவமும் பழையதுதான். சிலிண்டரைத் திறந்து, விளக்கொளியில் பேரலின் பின்நுனியை இரண்டிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் அடியில் தட்டை, மற்றதில் முழு வட்டம். இந்த ஒன்றைப் பார்த்த பிறகு, மேக்னம் சுடுவதற்குப் பழைய 19-ஐ யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. .38 ஸ்பெஷலும் எப்போதாவது 158 கிரெயின் மேக்னமும் என்றால் பழையது உங்கள் காலம் தாண்டியும் வரும்.

.44 மேக்னம் மாடல் 29-லும் இதே கதை வேறு வடிவில். 1970, 80-களில் உலோக உருவங்களைத் தூரத்தில் சுட்டு வீழ்த்தும் போட்டிக்காரர்கள் கனமான குண்டுகளை இடைவிடாமல் சுட்டார்கள். பின்னுதைப்பில் சிலிண்டர் பிடிப்பிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கிச் சுழன்றுவிடும் கோளாறு வெளிப்பட்டது. 1980-களின் இறுதியில் சிலிண்டரின் பள்ளங்களை நீளமாக்குவது உள்ளிட்ட பல திருத்தங்கள் வந்தன. அதற்கு முந்திய 29 அழகில் எனக்குப் பிடித்த ரிவால்வர்களில் ஒன்று. கனத்த தோட்டாக்களுக்கு அது சரியான கருவி இல்லை.

இன்னும் பின்னால் போனால் பாதுகாப்பு விஷயமும் வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸன் செய்த ராணுவ .38-கள் விக்டரி மாடல் எனப்பட்டன. வரிசை எண்ணுக்கு முன் வி என்ற எழுத்து இருக்கும். 1944-ல் அமெரிக்கக் கடற்படையில் இப்படி ஒரு ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். உடனே ஹாமரைத் தடுக்கும் பட்டையைப் புதிதாக வடிவமைத்தார்கள். அதற்குப் பிந்தியவற்றில் வி-க்கு முன் எஸ் எழுத்தும் சேர்ந்தது. இந்தப் பட்டை இன்றும் தொடர்கிறது. இதோடு இன்னொன்று: மாடல் எண் பொறிக்காத, அதாவது 1958-க்கு முந்திய நடுத்தர ஃபிரேமில் அழுத்தம் கூடிய பிளஸ்-பி தோட்டாக்களைப் போடக் கூடாது என்று கம்பெனியின் கையேடே சொல்கிறது. அதை மீறாதீர்கள்.

ஒற்றைச் செயல் ரிவால்வர்களில், அதாவது ஒவ்வொரு முறையும் ஹாமரைக் கையால் இழுத்துச் சுட வேண்டியவற்றில், இது இன்னும் கூர்மையான விஷயம். 1873-ன் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் ஹாமர் இறங்கி நின்றால் ஊசி நேராகத் தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆறு அறை இருந்தாலும் ஐந்தில் மட்டும் தோட்டா, ஹாமர் காலி அறைமேல் என்பதுதான் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் முறை. 1973-க்கு முந்திய ரூகர் பிளாக்ஹாக்குக்கும் இதே விதிதான். அந்த ஆண்டு ரூகர் ஹாமருக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு கடத்துப் பட்டையை வைத்து நியூ மாடல் என்று வெளியிட்டது. டிரிகரை இழுத்தால்தான் பட்டை எழும்பும். பழையதை அனுப்பினால் கம்பெனியே கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுத்து, கழற்றிய பாகங்களையும் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பாகங்களைத் தொலைத்துவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் கேட்பார்கள். இத்தாலியின் உபெர்த்தி செய்யும் கேட்டில்மேன் 2-ல் ஊசி பின்வாங்கிக்கொள்ளும். தோற்றம் 1873, பாதுகாப்பு இந்தக் காலம். கறுப்புத்தூள் காலத்து அசலைப் புகையில்லாத் தோட்டாவால் சுடவே கூடாது. அது காட்சிக்கு.

கோல்ட் பைத்தானுக்கு வருவோம். 1955-ல் வந்தது, 2005-ல் முற்றிலும் நின்றது, 2020 ஜனவரியில் திரும்பி வந்தது. பழைய பைத்தானின் நீலப் பளபளப்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மை. அந்த ஆழம் பூச்சினால் வருவதில்லை, பூச்சுக்கு முன் கையால் செய்த மெருகினால் வருகிறது. பக்கத் தகடு எங்கே ஃபிரேமோடு சேருகிறது என்று வெளிச்சத்தைச் சாய்த்துத் தேடினால்தான் கோடு தெரியும்.

உள்ளே இருப்பது வேறு கதை. பழைய கோல்ட் அமைப்பில் டிரிகரை முழுக்க இழுத்த நிலையில், சிலிண்டரைச் சுழற்றும் கொக்கி அதைத் தொடர்ந்து அழுத்தி, பூட்டும் பல்லோடு நெருக்கிப் பிடிக்கும். சுடும் கணத்தில் சிலிண்டர் துளிகூட ஆடாது. துல்லியத்துக்கு இது அருமை. ஆனால் அந்தக் கொக்கிமீது எப்போதும் சுமை இருக்கிறது, தேய்கிறது. தேய்ந்தால் அறை பேரலுக்கு நேராக வந்து நிற்பது தாமதமாகிறது. இதைச் சரிசெய்வது கைத்திறன் வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், பாகங்களும் அரிதாகிவிட்டன. ஸ்மித் அண்ட் வெஸனில் சிலிண்டர் லேசாக ஆடும். அது குறை இல்லை, வடிவமைப்பே அப்படி. பைத்தானில் அதே ஆட்டம் இருந்தால் அது வைத்தியம் கேட்கிறது என்று பொருள்.

2020 பைத்தான் பழையதன் நகல் இல்லை, அதே உருவத்தில் புதிதாக வரைந்தது. பாகங்கள் குறைவு. குறிபார்க்க உதவும் பின் குறிக்குக் கீழே ஃபிரேமில் 30 சதவீதம் கூடுதல் உலோகம் என்று கோல்ட் சொல்கிறது. முன் குறியை ஒரு திருகைத் தளர்த்தி மாற்றிக்கொள்ளலாம். டிரிகர் கடைசியில் திடீரெனக் கனப்பது பழைய பைத்தானின் சுபாவம். புதியதில் தொடக்கம் முதல் முடிவு வரை இழுப்பு ஏறக்குறைய சீராக இருக்கிறது. பழைய பாகம் புதியதில் சேராது, புதியது பழையதில் சேராது. சுடுவதற்கு என்றால் தயக்கமில்லாமல் 2020-க்குப் பிந்தியதைச் சொல்வேன். முதல் வருடத்து வெளியீடுகளில் சிலிண்டர் சுழலாமல் நிற்பது பற்றிப் புகார்கள் வந்தன. அந்தத் தொகுதியிலிருந்து கைமாறி வருவதை வாங்கினால், டிரிகரை மெதுவாக இழுத்தும், ஹாமரைக் கையால் இழுத்தும் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, சிலிண்டர்மேல் விரலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு ஹாமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் முழுக்கப் போய் நிற்பதற்குள் பூட்டும் பல் பள்ளத்தில் விழும் சத்தம் கேட்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது தாமதிப்பதும் உண்டு. ஹாமர் ஏறி நிற்கும்போது டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹாமரை முன்னே தள்ளுங்கள்; இறங்கினால் யாரோ உள்ளே தேய்த்துக் கெடுத்திருக்கிறார்கள், வைத்துவிட்டு நகருங்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே 0.006 அங்குலம் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியுமளவு மாறினால் தேய்மானம் அதிகம்.

பக்கத் தகட்டின் திருகுகளைப் பாருங்கள். திருகின் பள்ளம் சிதைந்திருந்தாலோ, தகட்டின் விளிம்பில் நெம்பிய தடம் இருந்தாலோ, அங்கே சரியான கருவியும் பொறுமையும் இல்லாத கை போயிருக்கிறது. மறுபூச்சைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி: அந்தக் காலத்து ஸ்மித் அண்ட் வெஸனில் ஹாமரிலும் டிரிகரிலும் முன்னே சொன்ன மேக நிறம் இருக்க வேண்டும். அவையும் உடம்போடு சேர்ந்து நீலமாகவோ நிக்கலாகவோ இருந்தால், பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், தொழிற்சாலைப் பூச்சு போய்விட்டது. சுடுவதற்கு அதனால் கெடுதல் இல்லை. சேகரிப்பு மதிப்பு குறையும். வரலாறு முக்கியம் என்றால், எப்போது எங்கே அனுப்பப்பட்டது என்று தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கடிதம் பெறலாம்; ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் இரண்டுக்கும் அந்த வசதி உண்டு.

புதியதில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பின்னாலிருந்து பார்த்தால் முன் குறி நேராக நிற்கிறதா, பேரல் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா? பின் குறியை ஒரு பக்கக் கடைசி வரை தள்ளித்தான் நேராகச் சுட முடிகிறது என்றால் பேரல் சரியாகப் பூட்டப்படவில்லை. பேரலின் பின்நுனியில் எந்திரத் தடம் சொரசொரப்பாக இருக்கிறதா? எல்லா அறையிலும் காலிக் குப்பி சிக்காமல் வெளியே வருகிறதா? இப்படிப்பட்ட குறை என்றால் உத்தரவாதத்தில் திருப்பி அனுப்புங்கள். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு .357, வாரந்தோறும் பயிற்சி, பாதிக்கு மேல் மேக்னம். அதற்கு 2014-க்குப் பிந்திய 66 அல்லது ஒரு 686, கையிருப்பு இடம் கொடுத்தால் புதிய பைத்தான். பழைய 19 ஆசை விடவில்லை என்றால் அதை இரண்டாவதாக, ஆணி அடித்த பேரலுடன், திருகுகள் சிதையாததாகப் பார்த்து வாங்கி, .38 ஸ்பெஷல் மட்டும் சுடுங்கள். தேடும்போது முதலில் பேரலின் பின்நுனி அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மயிரிழை விரிசல்கூட இல்லை என்றால்தான் மற்றதைப் பேசுங்கள்.